வேலியோரப் பச்சிலையிலிருந்து முனைவர் பட்டம் வரை: எங்கே தொடங்குவது?

கேள்வி: ஏற்காடு அடிவாரத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். மகள் பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். என் மாமியார் மஞ்சள்காமாலைக்கும் கல்லடைப்புக்கும் பச்சிலை கொடுப்பவர். அவர் பின்னாலேயே வேலியோரம் சுற்றி வளர்ந்த பெண், மூலிகைகளையும் களைச்செடிகளையும் ஆராய்ச்சி செய்து பேராசிரியர் ஆக வேண்டும் என்கிறாள். "புல்லையும் பூண்டையும் படிச்சு என்ன வேலை கிடைக்கும்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். இதற்கு வழி உண்டா? இப்போதே என்ன செய்ய வேண்டும்? (ஒரு தாய், கன்னங்குறிச்சி)

பதில்: வழி உண்டு, அம்மா. நீளமான வழி. வேலை விஷயத்தில் உங்கள் சொந்தக்காரர்கள் படும் கவலையிலும் நியாயம் இருக்கிறது, அதற்கும் வருகிறேன். முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. கல்லூரியில் முப்பது ஆண்டு தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் அதற்கு என்னிடம் உறுதியான பதில் இருக்கிறது. உங்கள் மகள் இப்போதே பழக வேண்டியது, ஒரு செடியைப் பெயர் தப்பாமல் அடையாளம் காண்பது. கேட்க எளிதாகத் தோன்றும். இந்தத் துறையில் பலர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

உங்கள் மாமியார் காமாலைக்குக் கொடுப்பது பெரும்பாலும் கீழாநெல்லியாக இருக்கும். நம் நாட்டுத் தாவர நூல்கள் நெடுங்காலம் அதை பில்லாந்தஸ் நிரூரி என்றே எழுதிவந்தன. உண்மையில் நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1985இல் மித்ரா, ஜெயின் என்ற இரு தாவரவியலாளர்கள் இதை ஆராய்ந்து, நிரூரி என்ற பெயருக்குள் இந்தியாவில் அமாரஸ், ஃப்ராட்டெர்னஸ், டெபிலிஸ் என மூன்று தனித்தனி இனங்கள் கலந்து கிடப்பதைக் காட்டினார்கள். அதே காலத்தில்தான், காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ்-பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் இந்தச் செடியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 1987இல் வந்த கட்டுரையில் செடியின் பெயர் நிரூரி. அடுத்த ஆண்டு, சென்னையில் நடந்த சோதனையைப் பற்றிய கட்டுரையில் அது அமாரஸ். அந்தச் சோதனையில் மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்புப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்திருந்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னால் மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அந்த அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. செடி எந்த இனம், எந்த மண்ணில் வளர்ந்தது, எப்போது பறித்தது, எப்படிக் காய்ச்சியது என்று கேள்விகள் கிளம்பின. ஹெபடைடிஸ்-பியைக் கீழாநெல்லி குணமாக்கும் என்று மருத்துவ உலகம் இன்றுவரை ஏற்கவில்லை. அதனால் வீட்டில் யாருக்குக் காமாலை வந்தாலும் முதலில் மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

சரி, இனங்களை எப்படிப் பிரித்தறிவது? கீழாநெல்லியில், அதாவது அமாரஸில், இலைக்கொத்தின் அடியில் வரிசையாகத் தொங்கும் காய்களுக்குச் சிறு காம்பு உண்டு. காய் வழுவழுப்பாக இருக்கும். அதன் உறவுச்செடியான யூரினேரியாவில் காம்பே இல்லாததுபோல் காய் ஒட்டிக்கொண்டிருக்கும், தொட்டால் சொரசொரக்கும். மேலாநெல்லி என்னும் மதராஸ்படென்சிஸில் இலைகள் கொத்தாக வராமல் தண்டிலேயே மாறிமாறி முளைக்கும்; இலையின் அடி குறுகி, நுனி அகன்றிருக்கும். ஒரு கைலென்ஸ் இருந்தால் பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை நான் ஒருமுறை ஒதுக்கவில்லை. என் முதுகலை மாணவி ஒருத்தி கடையில் வாங்கிய காய்ந்த கீழாநெல்லியை வைத்து ஆறு மாதம் ஆய்வகத்தில் உழைத்தாள். மிச்சமிருந்த பையைப் பிரித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் மேலாநெல்லி. அத்தனை தரவையும் விட்டுவிட நேர்ந்தது. வாங்கிய அன்றே பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியது நான்தான். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே உங்கள் மகள் இந்த மழைக்காலத்திலேயே உலர்தாவரத் தாள்கள் செய்யத் தொடங்கட்டும். பழைய செய்தித்தாள், இரண்டு பலகை, இறுக்கக் கயிறு, இவ்வளவுதான் செலவு. களைச்செடி என்றால் வேரோடு, பூவும் காயும் உள்ளதாக எடுக்க வேண்டும். தாளைத் தினமும் மாற்ற வேண்டும். மேலே ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் இரண்டு வேளையும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்தபின் சுமார் 42க்கு 28 செ.மீ. அளவுள்ள கெட்டித் தாளில் தைத்து ஒட்டலாம். பூச்சி வராமலிருக்க முன்பெல்லாம் பாதரசக் குளோரைடில் தோய்ப்போம். அது கொடிய நஞ்சு, வேண்டவே வேண்டாம். காய்ந்த செடியைப் பையில் கட்டிச் சில நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் போதும். தாளைவிட முக்கியமானது களக் குறிப்பேடு. எண், தேதி, இடம், உயரம், காய்ந்தால் மாறிவிடக்கூடிய பூவின் நிறம், ஊரில் சொல்லும் பெயர், எதற்குப் பயன், அதைச் சொன்னவர் யார் என்று அன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

ஊர்ப்பெயர் என்றதும் ஒரு எச்சரிக்கை. போகியன்று ஆவாரம்பூ, வேப்பிலையோடு நாம் காப்புக் கட்டும் பூளைப்பூவைத்தான் மூலிகை நூல்கள் சிறுபீளை என்கின்றன. கல்லடைப்புக்கு உங்கள் மாமியார் கொடுப்பதும் அதுவாக இருக்கலாம். இது இரண்டு பெயருக்கு ஒரு செடி. ஒரு பெயருக்கு இரண்டு செடி என்றால்தான் ஆபத்து. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று கேட்டால், அதே மாதிரி மஞ்சள் பூ பூக்கும் அமெரிக்க அழகுச்செடி ஒன்றைத் தொட்டியில் வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ஐயம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கக் கோவையில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் மதராஸ் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம். அதை நிறுவிய கே.எம். மேத்யூ பாதிரியார் சேர்வராயன் மலைச் செடிகளையும் சேர்த்து எழுதிய தமிழ்நாடு கர்நாடிக் பகுதித் தாவர நூலும், 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலும் அவள் மேசையில் இருக்க வேண்டியவை. கேம்பிள் பெயரிட்ட வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற மரம் நம் மலையின் பெயரையே சுமந்து நிற்கிறது. ஏற்காட்டிலும் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் உண்டு. மேட்டூர் அணையில் மத்திய சித்த ஆராய்ச்சிக் குழுமத்தின் மூலிகைத் தோட்டம் இருக்கிறது. பேருந்துக் கட்டணத்தில் போய்வரலாம், போய்வரட்டும்.

களைச்செடியை அவள் தேர்ந்தெடுத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. காட்டு மூலிகையை வேரோடு பிடுங்கினால் காடு குறையும். காப்புக்காட்டுக்குள் கை வைக்க வனத்துறை அனுமதியும் வேண்டும். குப்பைமேனி, தும்பை, மூக்கிரட்டை, நாயுருவி எல்லாம் சாலையோரத்தில் தாராளமாகக் கிடைக்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த ஒரு செடிக்கு வெட்டுக்காயப் பூண்டு என்று பெயர் வைத்து நம் ஆட்கள் வைத்தியத்தில் சேர்த்துக்கொண்டதே ஒரு ஆய்வுக்குப் போதுமான செய்தி. பார்த்தீனியத்தை மட்டும் வெறுங்கையால் தொட வேண்டாம், தோல் ஒவ்வாமை வரும்.

மலையில் மலையாளிப் பழங்குடி மக்களிடம் கேட்டு எழுதப் போனால், எதற்காகக் கேட்கிறோம், எங்கே வெளியிடுவோம் என்று முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். பெயர் போட வேண்டும் என்றால் போட வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். 1987இல் அகத்தியமலையில் காணிப் பழங்குடியினர் ஆய்வாளர்களுக்குக் களைப்புத் தீரத் தின்னக் கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்துதான் ஜீவனி என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையில் பாதியைக் காணிகளுக்கே தருவதென்று மருந்தை உருவாக்கிய ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டமும் இதைத்தான் பகிர்வு என்கிறது. வணிக நிறுவனமோ வெளிநாட்டு ஆய்வாளரோ அவளிடம் செடி கேட்டால், அந்தச் சட்டத்தைப் பார்க்காமல் ஒரு இலைகூட அனுப்பக் கூடாது.

படிப்பு வரிசை சுருக்கமாக: எம்.எஸ்சி. தாவரவியல், அப்புறம் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு, பிறகு முனைவர் பட்டம். எம்.ஃபில். இப்போது இல்லை. நெட்டில் பாடம் உயிர் அறிவியல் என்பதால் மூலக்கூறு உயிரியலும் உயிர்வேதியியலும் அதிகம் வரும். செடி மட்டும் தெரிந்தால் தேற முடியாது. இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. வயது வரம்பில் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது கடைசியாக எப்போது களத்துக்குப் போனார் என்று கேட்கட்டும். காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் இதழ்கள் பக்கம் போகவே வேண்டாம்.

வேலை? அரசுக் கல்லூரிப் பணியிடங்கள் குறைவு. பலர் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியக் கௌரவ விரிவுரையாளராகவே இருக்கிறார்கள், இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் பி.எட். முடித்து முதுகலை ஆசிரியர் தேர்வுக்கான வாய்ப்பையும் கையில் வைத்திருப்பது நல்லது. ஆனால் மூலிகை மருந்து நிறுவனங்களின் தரப் பரிசோதனைப் பிரிவில், மூட்டையில் வரும் சருகைப் பார்த்து இது இன்னது என்று சொல்லத் தெரிந்தவர்கள் தேவை. அந்தக் கைப்பழக்கம் நான் மேலே சொன்ன தாள்களில்தான் வரும்.

முனைவர் ஆய்வுக்கு ஒரு யோசனையும் தருகிறேன். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500. நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்தச் சாலையோரம் ஐந்து உயரங்களில், வெவ்வேறு பருவங்களில் கீழாநெல்லியை எடுத்து, அதிலுள்ள ஃபில்லாந்தின் என்ற வேதிப்பொருளின் அளவு எப்படி மாறுகிறது என்று அளந்து பார்க்கலாம். அடிவாரத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கப் பகுதியில் வளர்வதில் நிக்கல், குரோமியம் ஏறியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வகைப் பாறை மண்ணில் இவை அதிகம் இருக்கும். அங்கிருந்து யாராவது மருந்துக்குப் பறித்தால் இப்போதைக்குத் தடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் பின்னால். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் குறிப்பேட்டோடு அப்பாயி பக்கத்தில் உட்காரட்டும். எந்தச் செடி, எந்த மாதம், எந்தப் பாகம், எவ்வளவு, யாருக்குக் கொடுக்கவே கூடாது என்று கேட்டு எழுதட்டும். முதல் தாளில் "தகவல் தந்தவர்" என்ற இடத்தில் அப்பாயியின் பெயரை முழுதாக எழுதச் சொல்லுங்கள்.