மகளின் தாண்டலும் மற்றவர் கருத்தும்

கேள்வி: நீளம் தாண்டும் என் 13 வயது மகளின் காணொளியை இன்ஸ்டாகிராமில் பதிவேற்றினேன். பாராட்டுகளோடு அவளுடைய நிறத்தையும் உடலையும் கேலி செய்யும் கருத்துகளும் வருகின்றன. மணல்குழியிலிருந்து எழுந்ததும் அவள் செல்பேசியைத்தான் தேடுகிறாள். என்ன செய்வது?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தப் பதிவில் கருத்துப் பகுதியை மூடிவிடுங்கள், இன்றே செய்யலாம். கணக்கைத் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள். பள்ளிச் சீருடை, பயிற்சி நேரம், மைதானத்தின் பெயர் ஆகியவை தெரியும் காணொளிகளை நீக்கிவிடுங்கள். ஒரு சிறுமி தினமும் எங்கே இருப்பாள் என்பது அந்நியருக்குத் தெரியவே கூடாது.

2025 ஏப்ரல் 28 அன்று ஜெய்ப்பூரில், ஐபிஎல் கிரிக்கெட் ஆட்டத்தில் 14 வயது வைபவ் சூர்யவன்ஷி 35 பந்துகளில் சதமடித்தபோது நாடே கொண்டாடியது. மூன்றே நாள் கழித்து, மே 1 அன்று, அதே மைதானத்தில் அவர் ரன் எதுவும் எடுக்காமல் ஆட்டமிழந்தார். இந்த இரு நாட்களையும் மகளிடம் சொல்லுங்கள். பார்வையாளர் எண்ணிக்கை தன் திறமையின் அளவு என்று அவள் நம்பத் தொடங்கியிருப்பதுதான், கேலியைவிட எனக்குக் கவலை தருகிறது.

பயிற்சி முடியும்வரை செல்பேசி உங்கள் பையிலேயே இருக்கட்டும். வீடு திரும்பும் வழியில் தூரத்தைக் கேட்காமல், பசிக்கிறதா என்று கேளுங்கள். இனி எந்தக் காணொளியையும் அவள் சம்மதமின்றிப் பதிவேற்றாதீர்கள். கேலியைப் படித்து அவள் அழுதிருந்தால், பதிவேற்றியது உங்கள் தவறு என்று அவளிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்.