வெங்காயம் உரிக்க யார் யார் உட்கார்ந்தார்கள்?

அன்புள்ள அக்கா,

கோவையிலிருந்து எழுதுகிறேன். என் மாமியாருக்கு ஊர் மயிலாடுதுறைப் பக்கம். போன மே மாதக் கடைசியில் எங்களோடு வந்து தங்கியிருந்தபோது அத்தையும் நானும் சேர்ந்து தாளிப்பு வடகம் போட்டோம். சின்ன வெங்காயம் மட்டும் இரண்டு கிலோ. வடகம் காய்கிற மத்தியான வேளையில் எனக்கு வயர் கூடை பின்னவும் கற்றுக்கொடுத்தார்கள். வருடக்கணக்காகக் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள் நான். ஒரு வாரம் இவ்வளவு சந்தோஷமாகக் கழிந்து நெடுநாளாகிறது. காலையில் ஐந்தரைக்கு எழுந்து கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் டப்பா கட்டும்போது இந்தச் சந்தோஷம் ஒரு துளிகூட வருவதில்லை. வீட்டில் எல்லோருக்கும் வடகம் தாளித்த வத்தக்குழம்பு என்றால் உயிர்.

இதைத் தோழியிடம் சொன்னேன். "கடையில் எல்லாமே கிடைக்குது. நம்ம பாட்டிங்க அடுப்படியிலேர்ந்து தப்பிச்சு வந்தாங்க. நீ திரும்பப் போய் உட்கார்ந்துக்கிட்டு அதைச் சந்தோஷம்ங்கற" என்றாள். அதிலிருந்து உறுத்தலாகவே இருக்கிறது. என் சந்தோஷம் அசட்டுத்தனமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த வடகத்தில் பாதி பூசணம் பிடித்துவிட்டது. பால்கனியில்தான் காயவைத்தோம். எதனால் இப்படி ஆனது? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் சந்தோஷம் அசட்டுத்தனம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் உங்கள் தோழியையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் கோபத்துக்கு ஆதாரம் அரசாங்கக் கணக்கிலேயே இருக்கிறது. 2019இல் எடுத்த அகில இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்ததே என்று சந்தோஷப்படலாம் என்று பார்த்தால் ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இது வீட்டுவேலையில் கைவைத்தவர்களின் சராசரி மட்டும்தான். 2019 கணக்கில் அப்படிக் கைவைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான், பெண்கள் 81 பேர். 2023 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு மகளிர் உரிமைத் தொகை என்று மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்க ஆரம்பித்ததும், சம்பளமே இல்லாத இந்த உழைப்பைச் சொல்லித்தான். உங்கள் தோழி இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் பேசுகிறார். தன் பாட்டியின் முதுகுவலியை நினைத்துப் பேசுகிறவரிடம் கோபித்துக்கொள்ள முடியாது.

சரி, அப்படியானால் யார் சொல்வது சரி? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. வடகம் போட்ட வாரத்தைச் சொன்ன கையோடு, ஐந்தரை மணி டப்பாவில் சந்தோஷம் ஒரு துளிகூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சமையல்தான், செய்வதும் நீங்கள்தான். டப்பா கட்டும்போது நீங்கள் ஒண்டி. முடியாது என்று சொல்ல வழியில்லை, இன்று முடித்தாலும் நாளைக்கு மறுபடி அதே வேலை. வடகம் போட இரண்டு பேர் உட்கார்ந்தீர்கள், நீங்களாக ஆசைப்பட்டு உட்கார்ந்தீர்கள். வேலைக்கு ஒரு முடிவும் இருந்தது. வீட்டுவேலையில் சந்தோஷம் உண்டா இல்லையா என்பதை வேலையின் பெயரை வைத்துச் சொல்லிவிட முடியாது. அது எத்தனை கைகள் சேர்ந்தன, வேண்டாம் என்று சொல்ல இடம் இருந்ததா என்பதைப் பொறுத்தது.

நீங்கள் இருக்கிற கோவையே இதற்கு நல்ல சாட்சி. 1950களில் உங்கள் ஊரில்தான் மாவரைக்கும் கிரைண்டர் உருவானது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. அது வருவதற்கு முன்னால் இட்லி என்றால் ஆட்டுக்கல் முன்னால் ஒருத்தி மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால்தான் பல வீடுகளில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் இட்லி. 2011இல் தமிழக அரசு மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் கொடுக்க ஆரம்பித்தபோது அதைக் கேலி பேசியவர்கள் உண்டு. அவர்களில் ஆட்டுக்கல்லில் மாவாட்டிப் பழகியவர் யாரும் இருந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. அம்மியில் அரைத்த சட்னிக்குத் தனி ருசி என்பது உண்மைதான். ஆனால் அந்த ருசியைப் புகழ்கிறவர் தினமும் தானே அரைத்தால்தான் அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. கட்டாயத்தை கிரைண்டர் எடுத்துக்கொண்டது. அதன் பிறகுதான் மாவு பொங்கி வருவதை நின்று ரசிக்க நமக்கு நேரம் கிடைத்தது.

இப்போது உங்கள் வடகத்துக்கு வருகிறேன். அதைப் பற்றிப் பேச எனக்குக் கொள்ளை ஆசை.

தஞ்சை, நாகை, காரைக்கால், புதுச்சேரிப் பக்கங்களில் வெயில் காலம் வந்தால் வடகம் போடாத வீடு அபூர்வமாக இருந்த காலம் உண்டு. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாகத் தட்டி, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், கல் உப்பு சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைப்பார்கள். காலையில் பிழிந்து உருட்டி வெயிலில் வைப்பார்கள். சாயங்காலம் அந்த உருண்டைகள் மறுபடி அதே சாற்றுக்குள் போகும். சாறு முழுவதும் சுண்டி ஏறும்வரை இப்படியே, அதற்குப் பிறகு வெறும் காய்ச்சல்தான். பச்சை வெங்காயத்தின் காரம் நாளாக ஆகக் கரைந்து, வறுத்த மாதிரி ஒரு வாசனைக்கு மாறிக்கொண்டே வரும். அடுப்பே இல்லாமல் வெயிலும் உப்பும் மட்டும் செய்கிற சமையல் அது. புதுச்சேரி வழியாக இது பிரான்ஸ் வரை போய், அங்கே வடூவான் என்ற மசாலாவாகச் சமையல்காரர்கள் கையில் புழங்குகிறது. ஒரு சிட்டிகை வடகம் எண்ணெயில் பொரியும்போது அடுத்த அறையில் இருப்பவர் எழுந்து வந்து என்ன குழம்பு என்று கேட்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே!

கடையில் கிடைப்பது உண்மைதான், நானும் வாங்கியிருக்கிறேன். கடையில் கிடைக்காதது வெங்காயம் உரிக்கிற நேரம். கைக்கு வேலை இருக்கிறது, வாய்க்கு இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதும் இல்லை. அப்போதுதான் மற்ற நேரத்தில் வராத பேச்சு வரும். என் அம்மா தன் பள்ளிப் படிப்பு எப்படிப் பாதியில் நின்றது என்று எனக்குச் சொன்னது, இரண்டு பேரும் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான். அதற்கு முன்னால் பல தடவை நேராகக் கேட்டும் சொன்னதில்லை. உங்கள் அத்தை அந்த வாரத்தில் உங்களிடம் என்னென்ன சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. நிச்சயம் ஏதோ சொல்லியிருப்பார்கள்.

வயர் கூடையும் அப்படித்தான். பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் என்று எந்த முடிச்சாக இருந்தாலும் சரி, பிடிபடும் வரைதான் கண் அதிலேயே இருக்கும். பிடிபட்டுவிட்டால் விரல் தானாக ஓடும், காது பேச்சுக்கு வந்துவிடும். கூடவே, அடி போட்டு, சுவர் எழுப்பி, கைப்பிடி போட்டு முடித்ததும் கையில் தூக்கிப் பார்க்க ஒன்று இருக்கிறது. நாள் முழுக்கக் கணினியில் வேலை பார்க்கிற உங்களுக்கு அந்தச் சந்தோஷம் ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்பது எனக்குப் புரிகிறது. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகள் தடையான பிறகு பழைய வயர் கூடைகள் பரணிலிருந்து இறங்கிக் காய்கறிக் கடைக்கு வந்ததையும் பார்த்தேன். பல வருடம் பரணில் கிடந்தும் முடிச்சு தளராத கூடைகள் அவை.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. வீட்டில் எல்லோருக்கும் அந்த வத்தக்குழம்பு என்றால் உயிர் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கிலோ வெங்காயம் உரிக்க யார் யார் உட்கார்ந்தார்கள்? நீங்களும் அத்தையும் மட்டும்தான் என்று தெரிகிறது. உங்கள் கணவரும் பிள்ளைகளும் அந்த வாரத்தின் ருசியை மட்டும்தான் வாங்கிக்கொண்டார்கள். அத்தை சொன்ன கதைகள் அவர்கள் காதில் விழவில்லை. அதுதான் எனக்கு வருத்தம். எங்கள் வீட்டில் மாவடு போடுவது என் கணவர் பொறுப்பு. காம்பு பார்த்து வாங்குவதிலிருந்து, விளக்கெண்ணெய் தடவி உப்புப் போட்டுத் தினமும் ஜாடியைக் குலுக்கிவிடுவது வரை அவர்தான். நான் குலுக்கினால் சரியாகக் குலுக்கவில்லை என்பார். அந்த அக்கறை அவருக்குப் பிறவியிலேயே வந்ததில்லை, செய்து செய்து வந்தது. உங்கள் பிள்ளைகளுக்கும் வரும்.

கூடவே அந்த ஐந்தரை மணி டப்பாவையும் பங்கு போடுங்கள். வாரத்தில் சில நாள் கணவர், காய் நறுக்கி வைப்பதும் டப்பா கழுவுவதும் பிள்ளைகள். தயிர்சாதமும் ஊறுகாயும் மட்டுமே கட்டுகிற நாள் என்று ஒன்று இருந்தாலும் யாரும் இளைத்துவிட மாட்டார்கள். இதைச் செய்துவிட்டு அடுத்த வடகத்துக்கு உங்கள் தோழியையும் கூப்பிடுங்கள். அவர் எதிர்ப்பது வடகத்தை இல்லை என்று நான் நம்புகிறேன்.

பூசண விஷயம். மே கடைசி கோவைக்கு ஒத்துவராத நேரம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்றும் மேகமும் உங்கள் ஊருக்குள் வரத் தொடங்கிவிடும். அத்தைக்குப் பழக்கம் மயிலாடுதுறை வெயில், அங்கே மே மாதம் முழுக்கக் காயும். நீங்கள் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள் போட்டுவிடுங்கள், அப்போது உங்கள் ஊரில் காற்றிலும் ஈரம் குறைவு. இரண்டாவது காரணம் பால்கனி. அரை நாள் வெயில் வடகத்துக்குப் போதாது. உருண்டையும் எலுமிச்சம்பழ அளவில் பிடித்திருந்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்றிருக்கும். நெல்லிக்காய் அளவு போதும். ராத்திரி பனியில் விடாமல் உள்ளே எடுத்து மெல்லிய துணி போட்டு மூடுங்கள், டப்பாவில் அடைக்காதீர்கள். காய்ந்ததா என்று பார்க்க ஒன்றை உடைத்து நடுவே விரல் வையுங்கள். கொஞ்சம் பிசுபிசுத்தாலும் இன்னும் வெயில் வேண்டும்.

பூசணம் பிடித்ததை மறுபடி காயவைத்துத் தேற்ற முடியாது. அந்தப் பகுதியை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்வதும் வேண்டாம், உருண்டையையே தூக்கிப் போட்டுவிடுங்கள். நன்றாக இருப்பவற்றை உடைத்துப் பார்த்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் வைத்து, கையில் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி ஜாடியில் போடுங்கள். மொட்டைமாடிச் சாவிக்குக் குடியிருப்புச் சங்கத்தில் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். மாசி பிறந்த பிறகு கேட்டால் வேறு யாராவது மிளகாய் காயப்போட்டிருப்பார்கள்.

அன்புடன்,
அக்கா