சுடுகாட்டுப் பாதையை மறித்தால் சட்டத்தில் என்ன வழி?

கேள்வி: வேலூர் பக்கம் பட்டியல் சாதியினரின் சுடுகாட்டுப் பாதையை மறித்தால் என்ன செய்வது?

2019 ஆகஸ்டில், அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த வாணியம்பாடி அருகே, தனியார் நிலத்தின் வழியே விடாததால் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. இது வெறும் நிலத்தகராறு அல்ல. 1989-ஆம் ஆண்டு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)-இன்படி குற்றம், 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. மறிப்பவர்கள் 'எங்கள் பட்டா நிலம்' என்பார்கள். வழக்கமாகப் போய்வந்த பாதைக்கும் பாதுகாப்பு உண்டு. தாலுகா அலுவலகத்தில் புலப்படத்தின் (நிலத்தின் அளவு, எல்லையைக் காட்டும் வரைபடம்) நகல் வாங்கி வையுங்கள்.

பெரும்பாலும் சறுக்குவது புகாரில்தான். மறித்தவர்கள் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்கள் என்று எழுதாமல் விடுவார்கள். பிறகு இந்தச் சட்டப் பிரிவைச் சேர்ப்பதில் சிக்கல் வரலாம். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, சாட்சி எல்லாம் வேண்டும். சாதிச் சான்றிதழும் இணையுங்கள். சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் பெற்றதற்கான சீட்டு) மட்டும் திரும்பாதீர்கள், எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) கேளுங்கள். இந்தச் சட்டத்தில் பிரிவு 18ஏ வந்தபின், எஃப்.ஐ.ஆர். பதிய முன்விசாரணை தேவையில்லை. சமாதானக் கூட்டம் எஃப்.ஐ.ஆருக்கு ஈடாகாது. காவல் நிலையத்தில் மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விசாரிப்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையக்கூடாது, 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும்.