நல்ல டார்ச் இருந்தால் குகைக்குள் கொஞ்ச தூரம் போகலாமா?

கேள்வி: ஃபுளோரிடாவில் வேலை பார்க்கிறேன். ஓபன் வாட்டர் சான்றிதழ் (திறந்த நீரில் டைவ் செய்வதற்கான அடிப்படைச் சான்றிதழ்) உண்டு, கடலில் டைவ் செய்து ஓரளவு பழக்கமும் இருக்கிறது. நண்பர்கள் நீரடிக் குகைகள் உள்ள ஜின்னி ஸ்பிரிங்ஸ் ஊற்றுகளுக்குக் கூப்பிடுகிறார்கள். நல்ல டார்ச் எடுத்துக்கொண்டால் குகைக்குள் கொஞ்ச தூரம் போய்த் திரும்பலாம் என்கிறார் ஒருவர். போகலாமா? அப்புறம், குகையில் யாராவது இறந்துவிட்டால் மற்ற டைவர்கள் இறந்தவர் செய்த தவறுகளையே அலசுகிறார்களே, அது சரியா?

பதில்: ஜின்னிக்குப் போங்கள். குகைக்குள் போகாதீர்கள்.

அங்கே உங்களுக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. 'பால்ரூம்' என்று அழைக்கப்படும் பெரிய அறைக்குள் ஓபன் வாட்டர் டைவர்கள் டார்ச்சோடு போகலாம். அதற்கு மேல் உள்ளே போகும் வழியை இரும்புக் கம்பிகளால் அடைத்திருக்கிறார்கள். அதே வளாகத்தில் இருக்கும் டெவில்ஸ் ஊற்றுகளில் அப்படி அடைப்பு இல்லை. அதனால் குகைச் சான்றிதழ் இல்லாதவர்கள் அங்கே டார்ச் கொண்டுபோகவே கூடாது என்பது விதி. கையில் வெளிச்சம் இருந்தால் 'இன்னும் கொஞ்சம்' என்று கால் தானாக உள்ளே போகும், அதனால்தான்.

கடலில் சிக்கல் வந்தால் மேலே வரலாம். குகையில் மேலே பாறைதான் இருக்கிறது. போன வழியாகத்தான் திரும்ப வேண்டும். அந்த வழியின் தரையில் மெல்லிய வண்டல் படிந்திருக்கும். காலில் மாட்டிய துடுப்பை ஒருமுறை தவறாக அடித்தால் போதும், கண்ணாடி போலிருந்த தண்ணீர் சில நொடிகளில் கலங்கி, முகத்துக்கு நேரே பிடித்த கை தெரியாமல் போகும். அப்போது எவ்வளவு நல்ல டார்ச்சும் உதவாது. வெளியிலிருந்தே தொடர்ச்சியாகக் கட்டிக்கொண்டு வந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வர முடியும். குகை வாசல்களில் எமன் படம் போட்ட ஒரு எச்சரிக்கைப் பலகை இருக்கும். ஓபன் வாட்டர் பயிற்றுநர்கள் உட்பட 300 பேருக்கு மேல் இப்படிப்பட்ட குகைகளில் இறந்திருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கும். கடலில் கற்றுக்கொடுக்கும் தகுதி பெற்றவர்களையே அந்தத் தகுதி குகையில் காப்பாற்றவில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஃபுளோரிடாவைச் சேர்ந்த குகை டைவர் ஷெக் எக்ஸ்லி குகை விபத்துகளை ஒன்றொன்றாக ஆராய்ந்து, 1979-ல் ஒரு சிறு கையேடாக வெளியிட்டார். வெளிவாசல்வரை தொடரும் கயிறு இல்லாதது, திரும்பி வரப் போதுமான காற்றை ஒதுக்கி வைக்காதது, அளவுக்கு மீறிய ஆழம் ஆகிய மூன்றும் அந்த மரணங்களில் திரும்பத் திரும்பத் தெரிந்தன. பிறகு முறையான பயிற்சியும், ஆளுக்கு மூன்று டார்ச்சும் விதிகளில் சேர்ந்தன. இறந்தவர்களின் தவறுகளை யாரும் அலசியிருக்காவிட்டால் இந்த ஐந்து விதிகளும் நமக்குக் கிடைத்திருக்காது. எக்ஸ்லியே 1994-ல் மெக்ஸிகோவின் ஸகாட்டோன் நீர்க்குழியில் ஆழச் சாதனை முயற்சியில் இறந்தார். அவருடைய மரணத்தையும் அதே கண்ணோடுதான் ஆராய்ந்தார்கள். அதில் அவமரியாதை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

காற்று விதியைக் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் இதைத்தான் பலர் மேலோட்டமாகப் புரிந்துகொள்கிறார்கள். சிலிண்டரில் 210 பார் (காற்றழுத்த அளவு) அழுத்தத்தோடு இறங்கினால் 70 பார் செலவானதும் திரும்பிவிட வேண்டும். வெளியே வர 70, மீதி 70 உங்கள் கூட்டாளிக்கு. மிகத் தொலைவான இடத்தில் அவருடைய காற்று முழுதும் போய்விட்டால், உங்களிடமுள்ள 140-ஐ இருவரும் சுவாசித்து வெளியே வர வேண்டும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் மிச்சம் ஒன்றுமில்லை. பயந்தவர் வேகமாக மூச்சுவிடுவார், கலங்கிய நீரில் கயிற்றைத் தடவி வர நேரமும் கூடும். ஆகவே மூன்றில் ஒரு பங்கு என்பது உச்ச வரம்பு. தண்ணீர் உள்நோக்கி இழுக்கும் குகைகளில் அதற்கு முன்பே திரும்பியாக வேண்டும். யார் வேண்டுமானாலும், எந்தக் காரணமும் சொல்லாமல், டைவை நிறுத்தலாம் என்ற வழக்கமும் இருக்கிறது. உங்கள் நண்பர் கூட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் அலசுவதற்கு ஒரு நேரம் உண்டு. குடும்பத்துக்குச் செய்தி போகும் முன்பே காரணம் சொல்லத் தொடங்குவது கொடுமை. அமெரிக்காவில் உடலை எடுக்கும் பணிக்குக் காவல்துறை பெரும்பாலும் குகை மீட்புப் பயிற்சி பெற்ற தன்னார்வ டைவர்களை அழைக்கும். அவர்கள் உடலை எடுக்கும் முன் சிலிண்டர் வால்வு திறந்திருக்கிறதா, காற்றழுத்த மீட்டர் என்ன காட்டுகிறது, கயிறு எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். கருவிகள் விசாரணைக்குப் போகும். அதன் பிறகு வரும் அறிக்கையைப் படியுங்கள். முதல் நாள் ஊகங்களை விட்டுவிடுங்கள்.

உடலை எடுப்பதில் அவசரம் கூடாது. தென்னாப்பிரிக்காவின் புஷ்மன்ஸ் ஹோல் என்ற ஆழமான நீர்க்குழியில் 1994-ல் இறந்த ஓர் இளைஞரின் உடல் சுமார் 270 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. 2005 ஜனவரியில் அதை மேலே கொண்டுவரப் போன டைவர் டேவ் ஷா அங்கேயே இறந்தார். அவர் தலையிலிருந்த கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. அத்தனை ஆழத்தில் கடுமையாக உழைத்ததால் மூச்சு வாங்கி, கார்பன் டை ஆக்ஸைடு ஏறி மயங்கினார் என்பதை அந்தப் பதிவிலிருந்துதான் தெரிந்துகொண்டார்கள்.

நீங்கள் கரையில் இருக்கும்போது யாராவது குறித்த நேரத்தில் மேலே வரவில்லை என்றால் உடனே அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள். எப்போது இறங்கினார்கள், எத்தனை பேர், எந்தப் பக்கம் போவதாகச் சொன்னார்கள் என்பதை எழுதி வையுங்கள். பக்கத்தில் குகைப் பயிற்சி பெற்றவர்கள் இருந்தால் சொல்லுங்கள், போவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். நீங்கள் இறங்க வேண்டாம். மேலே வராதவர்களின் பொருட்களைத் தொடவும் வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் உள்ளே பார்க்கும் ஆசை இருந்தால் 'கேவர்ன்' பயிற்சியில் சேருங்கள். இயற்கை வெளிச்சம் தெரியும் பகுதிக்குள்ளேயே கயிறு கட்டவும், கண் தெரியாத நிலையில் அதைப் பிடித்து வெளியே வரவும் கற்றுத்தருவார்கள். டார்ச் வைத்திருக்கும் அந்த நண்பரையும் கூடவே சேர்த்துவிடுங்கள்.