வெறும் 6,000 யென்

வணக்கம். ஜப்பானின் குமமோட்டோவில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். 1982இல் கட்டி முடித்த 11 மாடிக் கட்டடத்தில் 70 சதுர மீட்டர் பிளாட் ஒன்று 78 லட்சம் யெனுக்கு வருகிறது. மொத்தம் 40 வீடுகள். உள்ளே சமையலறை, தரை எல்லாம் புதிது. மாதப் பழுதுபார்ப்புச் சேமிப்பும் வெறும் 6,000 யென்தான். 3வது மாடி, 8வது மாடி இரண்டும் ஒரே விலை. மனைவிக்கு 8 பிடித்திருக்கிறது. எதை வாங்கலாம்?

கே.

அன்புள்ள கே,

'வெறும் 6,000 யென்தான்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். பழைய பிளாட் வாங்குகிறவர்கள் இந்தத் தொகை குறைவாக இருந்தால் ஏன் மகிழ்கிறார்கள் என்று சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாடியைப் பிறகு பார்ப்போம்.

மாதம் இரண்டு தொகை கட்டுவீர்கள். கன்ரிஹி என்பது கூட்டிப் பெருக்க, பொது விளக்கு எரிய. ஷூசென் சுமிதாதெகின் பெரிய பழுதுக்காகச் சேர்ப்பது. 12 முதல் 15 வருடத்துக்கு ஒருமுறை சாரம் கட்டி வெளிச்சுவர் ஓடு, விரிசல், மொட்டைமாடி நீர்க்கசிவுத் தடுப்பு எல்லாம் செய்தாக வேண்டும். கணக்குப் போட்டீர்களா? 40 வீடு, 6,000 யென், 12 வருடம்: 3 கோடியே 45 லட்சத்துச் சொச்சம். வீட்டுக்கு 10 லட்சம் செலவு என்று வைத்தாலே 4 கோடி. லிஃப்டும் குழாய்களும் இதில் வரவில்லை. நிலம், உள்கட்டமைப்பு அமைச்சகத்தின் 2021 வழிகாட்டி, 20 மாடிக்குக் குறைந்த, 5,000 சதுர மீட்டருக்கு உட்பட்ட கட்டடங்களுக்குச் சதுர மீட்டருக்கு மாதம் சராசரி 335 யென் என்கிறது. உங்கள் 70க்கு 23,450. இத்தனை வருடம் கட்டாமல் விட்ட வித்தியாசத்தை இனி இருப்பவர்கள்தான் கட்ட வேண்டும். மாதத்தொகை ஒரேயடியாக ஏறும், இல்லையென்றால் வீட்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கேட்பார்கள், இல்லையென்றால் வீட்டு உரிமையாளர் சங்கம் கடன் வாங்கும். ஓய்வூதியக்காரர்கள் நிறைந்த கட்டடத்தில் பொதுக்கூட்டம் உயர்வைத் தோற்கடித்துவிடும். அப்போது வேலை தள்ளிப்போகும், ஓடு உதிரும். முந்தைய உரிமையாளர் வைத்த பாக்கியையும் சட்டப்படி உங்களிடமே கேட்கலாம்.

புரோக்கர் மூலம் நிர்வாக நிறுவனத்தின் 'ஜூயோ ஜிகோ சோசா ஹோகொக்குஷோ'வை, அதாவது கட்டடத்தின் முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கையை, வாங்குங்கள். சேமிப்பில் எவ்வளவு இருக்கிறது, கடன் எவ்வளவு, எல்லா வீடுகளின் பாக்கி எவ்வளவு, உயர்வு முடிவாகிவிட்டதா என்று பாருங்கள். நீண்டகாலப் பழுதுத் திட்டமும் மூன்று வருடப் பொதுக்கூட்டக் குறிப்புகளும் வேண்டும். 2016 ஏப்ரல் நிலநடுக்கங்களுக்குப் பிறகு விரிசல்களை எப்படி அடைத்தார்கள், கதவுச்சட்டம் மாற்றினார்களா, அதற்குச் சேமிப்பு கரைந்ததா? 'எல்லாம் சரி செய்தாயிற்று' என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள்.

1982 என்பதால் புதிய நிலநடுக்க விதிப்படிதான் கட்டியிருப்பார்கள் என்று நம்பிவிடவும் வேண்டாம். 1981 ஜூன் 1 முதல் கட்டட அனுமதி பெற்றவற்றுக்குத்தான் அந்த விதி. 11 மாடி எழும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், அதனால் அனுமதித் தேதி அதற்கு முந்தியதாக இருக்கலாம். வீட்டுக்கடன் வரிச்சலுகைக்கு 1982இல் கட்டியதாகப் பதிவு இருந்தால் போதும் என்பார்கள். அது வரிக்கணக்கு, தூணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அனுமதித் தேதியை நகராட்சியின் கட்டடப் பிரிவில் எழுத்தில் வாங்கலாம்.

புதுச் சமையலறையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கழிவுநீர்க் குழாய் மாறியதா என்று மட்டும் கேளுங்கள். அந்தக் காலக் கட்டடங்கள் பலவற்றில் அது தளத்தைத் துளைத்துக் கீழ்வீட்டுக் கூரைக்குள் ஓடும். அப்படியென்றால் உங்கள் வீட்டுப் புதுத் தரையின் கீழே பழைய இரும்பேதான்.

உங்கள் மனைவியின் ஆசை புரிகிறது. எட்டாவது மாடியில் காற்றும் வெளிச்சமும் கூடுதல்தான். ஆனால் இரண்டு வீட்டுக்கும் ஒரே சங்கம், ஒரே சேமிப்பு. அறிக்கை கைக்கு வரும்வரை தெட்சுகே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள், பின்வாங்கினால் அது போய்விடும். வந்ததும் எண்களை எழுதி அனுப்புங்கள், சேர்ந்தே பார்ப்போம்.