வெள்ளமா, நிலநடுக்கமா: எங்கே வீடு வாங்குவது?

கேள்வி: இரண்டு ஊர்களில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்று ஆற்றங்கரை ஊர், வெள்ளம் வருமாம். மற்றொன்று நிலநடுக்க மண்டலம்; ஆனால் பெரிய அதிர்வு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சொந்த வீடு வாங்க எது பாதுகாப்பு?

பதில்: ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெள்ளம் மனையைப் பொறுத்தது. ஒரே ஊரில் மேட்டுத் தெரு தப்பிக்கும், பள்ளத்துத் தெரு மூழ்கும். வெள்ள அபாய வரைபடத்தில் ‘நூறாண்டு வெள்ளம்’ என்றிருந்தால், நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று பொருளல்ல. ஆண்டுதோறும் 1 சதவீத வாய்ப்பு. 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு. இது சிறிய எண் அல்ல.

வீட்டைப் பார்க்கப் போகும்போது சுவரைக் கவனியுங்கள். இடுப்பளவுக்கு மட்டும் புதுப் பூச்சு, வழக்கத்தைவிட உயரத்தில் மின்மீட்டர் என்றால் காரணம் கேளுங்கள். தரகரிடம் அல்ல, பக்கத்து வீட்டுத் தரைத்தளத்தில் குடியிருப்பவரிடம்.

நிலநடுக்கத்தில் தெரு மாறித் தப்புவது கடினம். அங்கே பார்க்க வேண்டியவை மண்ணும் கட்டடமும். 1985இல் மெக்சிகோ நகரைச் சிதைத்த நிலநடுக்கத்தின் மையம் 350 கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக் கரையோரம் இருந்தது. பழைய ஏரிப் படுகையின் மென்மண் அதிர்வைப் பெருக்கியதால் நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ஆகவே நிரப்பிய ஏரி, சதுப்பு நிலம் வேண்டாம். கீழே வெறும் தூண்கள், கார் நிறுத்தம், மேலே பல மாடிகள் என்றிருக்கும் கட்டடத்துக்கு நிலநடுக்க வடிவமைப்புச் சான்று கேளுங்கள். இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். ‘பல ஆண்டுகளாக வரவில்லை’ என்பது ஆறுதலே அல்ல. நிலத்தடிப் பாறைகள் பிளந்து உரசும் பிளவுக்கோட்டில் அழுத்தம் சேர்ந்துகொண்டே இருக்கலாம்.

என்னைக் கேட்டால், ஆற்றங்கரை ஊரில் உறுதியான மேட்டு மனை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுப்பேன். பெருநதி வெள்ளத்துக்குப் பெரும்பாலும் சில மணி நேரமோ சில நாளோ முன்னெச்சரிக்கை கிடைக்கும், நிலநடுக்கத்துக்குக் கிடைத்தால் சில நொடிகள். பள்ளத்து மனைதான் கிடைக்கும் என்றால், மற்ற ஊரில் விதிப்படி கட்டிய வீடே மேல்.

எதுவானாலும் முன்பணம் கொடுக்கும் முன் அந்த முகவரிக்குக் காப்பீட்டுக் கட்டணம் விசாரியுங்கள். பல வீட்டுக் காப்பீடுகளில் வெள்ளமும் நிலநடுக்கமும் தாமாகச் சேராது. தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.