இரண்டு டிஎன்எஸ் சர்வர்களைத் தானாகவே அமைத்து, தானாகவே கண்காணிக்க வைப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் சொல்வது இது: சின்ன நிறுவனம், இரண்டு டிஎன்எஸ் சர்வர்கள் (பெயரைச் சொன்னால் அதன் முகவரி எண்ணைத் தேடித் தருபவை). இரண்டுக்கும் நடுவே பளுவைப் பிரிக்க வேண்டும், கான்ஃபிக் ஃபைல்களைக் கையால் எழுதி அலுத்துவிட்டது, ஒன்று படுத்தால் மற்றது தானாக ஏற்றுக்கொள்ள வேண்டும். நான் இதே வேலையைத் தப்பும் தவறுமாகச் செய்து கற்றவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில், ஒரு காலத்தில் கித்தாவும் (ரப்பர்) இப்போது பெரும்பாலும் செம்பனையும் (எண்ணெய்ப்பனை) சூழ்ந்த ஊர். ஒரு செம்பனை ஆலை, அதன் அலுவலகம், பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக், இவற்றின் நெட்வொர்க் என் பொறுப்பு. மொத்தம் அறுபது சொச்சம் கணினிகள்.

அறுபது கணினிக்கு லோட் பேலன்சரா என்று சிரிக்கலாம். பளு எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் ஒரு பழைய கணினியே நொடிக்கு ஆயிரக்கணக்கான டிஎன்எஸ் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடும். உங்களுக்கும் அநேகமாக அப்படித்தான் இருக்கும். ஆகவே பளுவைச் சரிபாதியாகப் பிரிப்பது எப்படி என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று விழும்போது யாருக்கும் தெரியாமல் மற்றது தாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கணினிகளுக்கு நெட்வொர்க் விவரங்களைக் கொடுக்கும் டிஹெச்சிபியில் இரண்டு சர்வர்களின் முகவரிகளையும் கொடுத்துவிட்டால் போதாதா? நானும் அப்படித்தான் இரண்டு வருடம் ஓட்டினேன். முதல் சர்வர் படுத்த அன்றுதான் புரிந்தது. லினக்ஸில் பெயர் தேடும் நூலகம் முதல் முகவரியைக் கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் 5 நொடி காத்திருக்கும். அதற்கு அப்புறம்தான் இரண்டாவதிடம் போகும். அடுத்த கேள்விக்கும் மறுபடி முதலாமவனையே போய்க் கேட்டு 5 நொடி நிற்கும். எங்கள் எடைமேடை மென்பொருள் ஒரு லாரிக்கு நான்கைந்து முறை பெயர் தேடும். ஆக, லாரி ஒன்றுக்கு இருபது நொடிக்கு மேல் வெறும் காத்திருப்பு, மேடைக்குப் பின்னால் சாலை வரை வரிசை. செம்பனைக் குலை வெட்டி அடிபட்ட நேரத்திலிருந்தே அதில் கொழுப்பு அமிலம் ஏற ஆரம்பித்துவிடும், லாரி நிற்க நிற்க எண்ணெயின் தரம் இறங்கும். டிஎன்எஸ் போய்விட்டது என்று யாருமே சொல்லவில்லை. “லைன் ஸ்லோலா தம்பி” என்றுதான் போன் வந்தது. நான் பாதி நாள் கேபிளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சரி, கண்காணிப்பு. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

என் அப்பா கித்தா மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) பெயர் வாசிப்பார், ஆள் “இருக்கேன்” என்பார், செக்ரோல் பதிவேட்டில் ஒரு கோடு விழும். காய்ச்சலோடு வந்து நிற்பவரும் “இருக்கேன்” என்றுதான் சொல்வார். அவர் அன்று எத்தனை மரம் சீவினார் என்பது மத்தியானம் பால் ஸ்டோரில் தராசில் வைத்தால்தான் தெரியும். பிங், அதாவது கணினி உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் சின்னச் செய்தி, அதை அனுப்பிப் பார்ப்பது பெரட்டு எடுப்பது மாதிரி. டிஎன்எஸ் கேள்விகள் நுழையும் 53ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதும் ஏறக்குறைய அதுதான். எங்கள் சர்வர் ஒன்றில் மெமரி கார்டு கெட்டு, எழுத முடியாமல், டிஎன்எஸ் நிரல் தொங்கிப்போய்க் கிடந்தது. பிங் மட்டும் ஒரு நாள் முழுக்க “இருக்கேன், இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

அதனால் உண்மையான கேள்வி ஒன்றைக் கேட்டு, உண்மையான பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எந்தக் கேள்வியை என்பதில்தான் நான் இரண்டு முறை வழுக்கினேன்.

முதலில் எங்கள் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு சின்னக் கணினிகள், இரண்டிலும் ஒரே மூன்று நிரல்கள். உள்ளூர்ப் பெயர்களுக்கு, அதாவது எடைமேடை, வருகைப்பதிவு, பிரிண்டர் போன்றவற்றுக்கு, என்எஸ்டி. வெளியுலகப் பெயர்களைத் தேடித்தர அன்பவுண்ட். இந்த இரண்டின் முன்னால் வாசல்காரனாக பவர்டிஎன்எஸ்காரர்களின் டிஎன்எஸ்டிஸ்ட். கேள்வி எல்லாம் முதலில் டிஎன்எஸ்டிஸ்டிடம் வரும். அது பின்னால் உள்ளவர்களில் யார் நலமாக இருக்கிறாரோ அவரிடம் அனுப்பும். இரண்டு கணினிக்கும் பொதுவாக ஒரு மிதக்கும் முகவரி, அதை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொள்ள கீப்அலைவ்ட். பயனர்களின் கணினிகளுக்கு அந்த ஒரு முகவரி மட்டும்தான் தெரியும்.

டிஎன்எஸ்டிஸ்ட் தானாகவே நொடிக்கு ஒரு முறை பின்னால் உள்ள ஒவ்வொரு சர்வரையும் கேட்கும். நீங்கள் ஒன்றும் மாற்றாவிட்டால் அது கேட்பது ‘ஏ’ ரூட் சர்வரின் (இணையப் பெயர்களின் உச்சியில் இருக்கும் சர்வர்களில் ஒன்று) முகவரியை. செர்வ்ஃபெயில் (“என்னால் தேடித்தர முடியவில்லை”) தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் ஆள் நலம் என்று எடுத்துக்கொள்ளும். “அப்படி ஒரு பெயரே இல்லை”, “உனக்குப் பதில் சொல்ல மாட்டேன்” என்பவைகூட அதற்கு நல்ல பதில்கள். ‘மஸ்ட் ரிசால்வ்’ என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டால்தான் இந்தப் பதில்களை நிராகரிக்கும். கண்டிப்பாகப் போடுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரூட் சர்வரின் முகவரிக்கு டிடிஎல் (பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற கெடு) மிக நீளம், அன்பவுண்டும் இயல்பாக ஒரு நாள் வரை பதிலைக் கையில் வைத்திருக்கும். இணைய இணைப்பு அறுந்தே போனாலும் அது நேற்றைய பதிலை எடுத்து நீட்டும், பலகையில் பச்சை விளக்கு எரியும். இதைக் கண்டுபிடித்ததும் நான் கெட்டிக்காரத்தனமாக, டிடிஎல் குறைவான ஒரு வெளியூர்ப் பெயரை எல்லாச் சர்வருக்கும் சோதனைக் கேள்வியாக வைத்தேன். அப்போது உள்ளூர்ப் பெயர்களும் அன்பவுண்ட் வழியாகத்தான் என்எஸ்டிக்குப் போகும்.

ஒரு மாதம் கழித்து, சாலையோரக் கால்வாயைத் தோண்டிய இயந்திரம் ஃபைபரை அறுத்துவிட்டது. வெளியூர்ப் பெயருக்குப் பதில் வரவில்லை. டிஎன்எஸ்டிஸ்ட் பின்னால் இருந்த எல்லாரையும் “செத்துப்போனார்கள்” என்று குறித்துவிட்டது. எடைமேடையும் அதன் சர்வரும் ஒரே கூரையின் கீழே, இருபது மீட்டர் தூரத்தில் நல்லபடியாக இருந்தும், ஒன்றின் பெயர் மற்றதற்குத் தெரியவில்லை. ஃபைபர் அறுந்தால் இணையம் மட்டும்தான் போகவேண்டும். நான் வைத்த கண்காணிப்பு ஆலையையும் சேர்த்து நிறுத்திவிட்டது. வெட்கக்கேடு.

இப்போது இரண்டு குழுவாகப் பிரித்திருக்கிறேன். உள்ளூர்ப் பெயர்களுக்கான குழுவில் இரண்டு என்எஸ்டிகள். அவற்றிடம் உள்ளூர்ப் பெயர் ஒன்றைத்தான் கேட்பேன். வெளிப் பெயர்களுக்கான குழுவில் இரண்டு அன்பவுண்டுகள், அவற்றிடம் டிடிஎல் குறைவான வெளிப் பெயர். வெளிக் குழு மொத்தமாகப் படுத்தாலும் உள்ளே வேலை நடக்கும். கூடவே, குழுவில் யாருமே இல்லையென்றால் பேசாமல் இருக்காமல் உடனே செர்வ்ஃபெயில் சொல்லும்படி டிஎன்எஸ்டிஸ்டில் ஒரு வரி சேர்த்தேன். இல்லையென்றால் கேள்வியை அப்படியே விழுங்கிவிடும், பயனர் பக்கம் மறுபடி 5 நொடி, 5 நொடி.

ஒரே ஒரு சோதனை தவறினாலே ஆளைத் தூக்கிவிடுவது டிஎன்எஸ்டிஸ்டின் இயல்பு. இடிமழைக் காலத்தில் எங்கள் நெட்வொர்க் சுவிட்சுகள் சேட்டை செய்யும்போது சர்வர் உள்ளே, வெளியே, உள்ளே என்று ஊஞ்சலாடியது. இரண்டு நொடிக்கு ஒரு கேள்வி, தொடர்ந்து மூன்று தவறினால் வெளியே, தொடர்ந்து ஐந்து சரியாக வந்தால் உள்ளே என்று வைத்த பிறகு அடங்கியது. வெளியே போவது சுலபமாகவும் திரும்பி வருவது கொஞ்சம் கஷ்டமாகவும் இருக்கட்டும்.

கீப்அலைவ்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. அது விஆர்ஆர்பி முறையில் நொடிக்கு ஒரு முறை “நான் இருக்கிறேன்” என்று அறிவிக்கும், மூன்று அறிவிப்புகளும் சொச்சமும் தவறினால், அதாவது நான்கு நொடிக்குள், மற்றவர் முகவரியை எடுத்துக்கொள்வார். இது போதும். ஆனால் அதில் சோதனை ஸ்கிரிப்ட் சேர்க்கும்போது ‘வெயிட்’ (முன்னுரிமையைக் கூட்டிக் குறைக்கும் எண்) கொடுக்காமல் விட்டால், சோதனை தோற்ற கணினி முகவரியை முழுக்கக் கைவிட்டுவிடும். ஸ்கிரிப்டிலேயே ஒரு தப்பு இருந்தால்? இரண்டு கணினியும் சேர்ந்து கைவிடும். மைனஸ் எண் கொடுங்கள். சோதனையில் தோற்றவரின் முன்னுரிமை குறையும், ஆனாலும் இருவரில் யாராவது ஒருவர் முகவரியைப் பிடித்துக்கொண்டே இருப்பார். காய்ச்சல்காரராவது களத்தில் நிற்கட்டும் என்பதுதான் இங்கே கணக்கு.

இனி தானியங்கி. நான் பயன்படுத்துவது அன்சிபிள், பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி. இரண்டு கணினிக்கு அன்சிபிள் அதிகம்தான், ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியும் ஓட்டலாம். ஆனால் ஆறு மாதம் கழித்து என் ஷெல் ஸ்கிரிப்டை எனக்கே படிக்க வராது. எல்லாப் பெயர்களும் முகவரிகளும் ஒரே ஃபைலில் இருக்கும், அதிலிருந்து டெம்ப்ளேட் வழியாக நான்கு நிரல்களின் கான்ஃபிக்கும் உருவாகும். புதுப் பிரிண்டர் வந்தால் ஒரு வரி சேர்ப்பேன், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் போடுவேன், ஓட்டுவேன்.

முதல் மாதமே ஒரு பெயரின் கடைசியில் புள்ளி வைக்க மறந்தேன். டிஎன்எஸ் எழுதியவர்களுக்கு அந்தப் புள்ளியின் அருமை தெரியும், அது இல்லாவிட்டால் பெயரின் பின்னால் நம் டொமைன் பெயரும் ஒட்டிக்கொள்ளும். கையால் செய்த காலத்தில் தப்பு ஒரு சர்வரோடு நின்றிருக்கும், மற்றது காப்பாற்றியிருக்கும். இப்போது ஒரு நிமிடத்துக்குள் இரண்டு சர்வரிலும் அதே தப்பு, அச்சு அசலாக. அன்றிலிருந்து மூன்று விஷயங்களை விடுவதில்லை. ஃபைலைப் பழையதன் மேல் வைப்பதற்கு முன்னாலேயே அந்தந்த நிரலின் சொந்தச் சோதனைக் கருவியால் சரிபார்க்க வைப்பேன், தேறாவிட்டால் பழைய ஃபைல் அப்படியே இருக்கும். ஒரு நேரத்தில் ஒரே கணினிதான், அன்சிபிளில் ‘சீரியல் 1’. முதல் கணினி முடிந்ததும் எடைமேடையின் பெயரை நிஜமாகக் கேட்டு, வரவேண்டிய முகவரிதான் வருகிறதா என்று பார்ப்பேன். பொருந்தாவிட்டால் அங்கேயே நிற்கும், இரண்டாவது கணினியைத் தொடாது. விட்ட புள்ளியைச் சோதனைக் கருவி கண்டுபிடிக்காது, ஏனென்றால் அது இலக்கணப் பிழையே இல்லை. இந்த மூன்றாவதுதான் பிடிக்கும்.

சோன் ஃபைலின், அதாவது உள்ளூர்ப் பெயர்ப் பட்டியலின், சீரியல் எண் (பதிப்பு எண்) பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு தேதியை வைத்து 2023051201 என்கிற மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன். தானியங்கியாக்கியபோது யூனிக்ஸ் நேரத்தை (1970 தொடக்கத்திலிருந்து நொடிக்கணக்கு) அப்படியே சீரியலாக வைத்தேன், அது 17 என்று தொடங்கும் பத்து இலக்க எண். 20 என்று தொடங்கியதற்கு அப்புறம் 17 வந்தால் இரண்டாம் சர்வர் என்ன நினைக்கும்? இது பழையது, எனக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிடும். அப்படியே ஒதுக்கியது. இரண்டு வாரம் பழைய முகவரிகளையே சொல்லிக்கொண்டிருந்தது, கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததால் விளக்கும் பச்சையாகவே இருந்தது. இப்போது, ஒரு சர்வர் மற்றதிடமிருந்து பட்டியலை வாங்கிக்கொள்ளும் சோன் டிரான்ஸ்ஃபரையே எடுத்துவிட்டேன், அன்சிபிள் ஒரே ஃபைலை இரண்டு இடத்திலும் வைக்கிறது. சீரியல் இரண்டிலும் ஒன்றா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு ஸ்கிரிப்ட் ஒப்பிடும். உங்களிடம் நூறு சர்வர் இருந்தால் டிரான்ஸ்ஃபர் வேண்டும், இரண்டுக்கு எதற்கு?

ராஸ்பெரி பை 4 மாதிரி கடிகார பேட்டரி இல்லாத கணினி வைத்திருந்தால் ஒரு வார்த்தை. ஒரு தீபாவளி விடுமுறையில் இடியில் மின் சுவிட்ச் டிரிப் ஆகி, எங்களுடையது மூன்று நாள் இருட்டில் கிடந்தது. மின்சாரம் வந்து எழுந்தபோது அதன் கடிகாரம் மூன்று நாள் பின்னால். பதில் போலியில்லை என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையெழுத்துகள் எல்லாம் அதற்கு “நாளைக்குத்தான் செல்லும்” கையெழுத்துகளாகத் தெரிந்தன, எல்லா வெளிப் பெயருக்கும் செர்வ்ஃபெயில். நேரத்தைத் திருத்த டைம் சர்வரின் பெயரைத் தேட வேண்டும், பெயரைத் தேட நேரம் சரியாக இருக்க வேண்டும். டைம் சர்வரைப் பெயரால் குறிக்காமல் ரவுட்டரின் ஐபி எண்ணால் குறித்தேன், தீர்ந்தது. ஒரு சின்னக் கடிகார மாட்யூலும் வாங்கி மாட்டினேன்.

கடைசியாக, எச்சரிக்கை உங்களுக்கு எப்படி வந்து சேரும்? நான் முதலில் டெலிகிராமுக்குச் செய்தி அனுப்ப வைத்தேன். டிஎன்எஸ் படுத்தால் டெலிகிராமின் பெயரை யார் தேடித் தருவார்? இப்போது மூன்றாவதாக ஒரு பழைய லேப்டாப், அதில் ஒரு சிம் போட்ட மோடம். அது இரண்டு சர்வரையும் வெளியிலிருந்து கேட்டுப் பார்த்து, கெட்டால் எஸ்எம்எஸ் அனுப்பும். அது மட்டுமில்லாமல், கெடாவிட்டாலும் தினமும் காலை 6.30க்கு “இருக்கேன்” என்று ஒரு எஸ்எம்எஸ், எத்தனை கேள்விக்குப் பதில் சொன்னது என்ற எண்ணிக்கையோடு. அப்பாவிடம் காட்டினேன். “பெரட்டும் ஸ்டோர் கணக்கும் ஒரே சீட்டுலயா” என்று சிரித்தார்.

போன மாதம் ஒரு காலை அந்த எஸ்எம்எஸ் வரவில்லை. பல்லைக்கூடத் தேய்க்காமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு ஆலைக்கு ஓடினேன். இரண்டு சர்வரும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தன. சிம்முக்கு ரீலோட் போட மறந்திருக்கிறேன்.